ரவுண்டா போடுங்க!

திருவொற்றியூரில் குடியிருக்கிறவனுக்கு மூக்கு சொந்தமில்லை. மேற்கிலிருந்து காற்று வந்தால் மணலி ரிஃபைனரி, தெற்கிலிருந்து வந்தால் காசிமேடு மீன், வடக்கிலிருந்து வந்தால் எண்ணூர் உர ஆலைப் பக்கம். அதனால் இரண்டு மாதமாக என் கார் பக்கத்தில் பெட்ரோல் வாடை அடித்தபோது, நான் பாட்டுக்கு மணலியைத் திட்டிக்கொண்டிருந்தேன். தாம்பரத்திலிருந்து வந்த மச்சான்தான் சொன்னார்: "மாமா, நாத்தம் ஊர்லேர்ந்து வரலை. உங்க வண்டியிலேர்ந்து வருது."

முதலில் போனது ஏ.சி. ஹால் வைத்த சர்வீஸ் சென்டர். டையைச் சரிசெய்துகொண்ட பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். காரைப் பார்க்கவில்லை. "முழு செட்டையும் மாத்தணும் சார்" என்று ஐந்து இலக்கத்தில் ஓர் எஸ்டிமேட் நீட்டினான். எது கெட்டது என்று கேட்டேன். "செட்" என்றான். பி.காம் படித்தவன் நான். எந்த அயிட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடாத பில்லில் கையெழுத்துப் போட மாட்டேன்.

இரண்டாவது, மெயின் ரோட்டு மெக்கானிக். அவர் தாராளப் பிரபு. "டேங்க்லேர்ந்து வர்ற ஓஸை பைபாஸ் பண்ணி வண்டிக்கு அடியில விட்டுடறேன். மீட்டர்ல எரியிற லைட்டையும் அணைச்சிடலாம். உள்ள வாசனையே வராது சார்."

"அப்ப எங்க போகும்?"

"வெளிய போய்டும்."

வெளியே என்றால்? பின்னால் ஸ்கூட்டியில் வரும் அம்மாவின் மூக்குக்கு. சிக்னலில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஷேர் ஆட்டோவுக்கு. நம் ஊரில் பாதி ரிப்பேர் இந்த ரகம்தான். துறைமுகத்து நிலக்கரித் தூசி தாங்காமல் ராயபுரம் ஜனங்கள் வருஷக்கணக்கில் இருமினார்கள். ஐகோர்ட் தலையிட்டு, 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரத்துக்கு நியாயம் கிடைத்தது, சந்தோஷம். ஆனால் நிலக்கரி எங்கே போனது? எண்ணூர் துறைமுகத்துக்கு! ஓஸைக் கழற்றி வேறு பக்கம் விட்டாயிற்று.

மூன்றாவதாகக் காலடிப்பேட்டையில் ஒரு பெரியவர் கிடைத்தார். கம்ப்யூட்டர் கிடையாது, விரல்தான். பெட்ரோல் மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பினார். வெடித்திருந்தது. குளிர்ந்திருந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விட்டு, ஒரு சின்ன வால்வின் டேங்க் பக்கத்து ஓஸைக் கழற்றி, அந்த வாயில் விரலை வைக்கச் சொன்னார். உறிஞ்சியது. "ஐடில்ல இது மூடியிருக்கணும் சார். மூடலை. பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குதா?" பிடித்தது. கடைசியாக ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கனத்தது. கவிழ்த்ததும் சொட்டியது.

விஷயம் இவ்வளவுதான். டேங்கில் பெட்ரோல் சும்மா இருப்பதில்லை. வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவியைப் பிடித்து வைக்கத்தான் கேனிஸ்டர் என்கிற கரி டப்பா. வண்டி ஓடும்போது அந்த வால்வு திறக்கும். இன்ஜின் ஆவியை இழுத்து எரித்துவிடும். கரி ஆவியைத் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. டப்பாவுக்குள் பெட்ரோல் எப்படி வந்தது?

பெரியவர் கேட்டார்: "பங்க்ல டொக்குனு கட் ஆன அப்புறமும் போடச் சொல்வீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. சொல்வேன். நீங்களும் சொல்வீர்கள். "ரவுண்டா போடுங்க!" 1,963 ரூபாயில் நாசில் தானாக நிற்கும். நமக்கு 2,000 ஆகணும். பையன் மறுபடி அமுக்குவான். டேங்கின் மேல்பக்கம் ஆவிக்காக விட்ட இடமும் நிரம்பி, மிச்சம் கரி டப்பாவுக்குள் போகிறது. 37 ரூபாய்க்குக் கணக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்று, ஆயிரக்கணக்கில் விலையுள்ள டப்பாவைக் கொன்றவன் ஒரு காமர்ஸ் பட்டதாரி!

சரி, நான் முட்டாள். அரசாங்கம்?

மூடிய அறையில் காரை நிறுத்தி, ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மேல் ஆவி கசியக்கூடாது என்று பாரத் ஸ்டேஜ் விதி போட்டார்கள். நல்ல விதி. ஆனால் அது மாடலுக்கு அனுமதி வாங்கும்போது நடக்கிற பரீட்சை. ரோட்டுக்கு வந்த பிறகு? புகைச் சான்றிதழ் தருகிறவர் சைலன்சரில் குழாயைச் சொருகுகிறார். கார்பன் மோனாக்சைடு இவ்வளவு, ஹைட்ரோகார்பன் இவ்வளவு, பாஸ். பெட்ரோல் மூடியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கரி டப்பாவே இல்லாத காரும் பாஸ். பைபாஸ் மெக்கானிக்கை நான் ஏன் குறை சொல்ல வேண்டும்? பிடிக்க ஆள் இல்லாத தப்பைத்தானே அவர் செய்கிறார்?

இதில் போவது வெறும் வாடையல்ல. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமான சரக்கு. பங்க்கில் நாம் ஐந்து நிமிஷம் நிற்கிறோம். பெட்ரோல் போடுகிற பெண் முழு ஷிஃப்ட் நிற்கிறாள்.

அமெரிக்காவில் 1998 மாடல்களிலிருந்து, பெட்ரோல் நிரப்பும்போது கிளம்பும் ஆவியையும் காரே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இங்கே அந்தப் பொறுப்பு பங்க்குக்கு. பெரிய நகரங்களில் அதிகம் விற்கும் பங்க்குகள் ஆவியைத் திரும்ப இழுக்கும் கருவி வைக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 ஜனவரி வழிகாட்டுதலிலும் அது இருக்கிறது. சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் தீர்ப்பும் வந்தது. கரி, ஆவி எல்லாவற்றுக்கும் நம் ஊரில் கோர்ட் படிதான் ஏற வேண்டியிருக்கிறது. மெஷின் வைத்தால் போதுமா? அது ஓடுகிறதா என்று யார் பார்ப்பது?

வடசென்னை என்றால் கேட்கவே வேண்டாம். "அங்க எப்பவும் நாத்தம்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 2013-ல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து, போர் தண்ணீரில் எரிபொருள் கலந்து வந்தது. அதற்கு லேப் ரிப்போர்ட்டா முதலில் வந்தது? குடத்தை மோந்து பார்த்த பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் அமோனியா கசிந்தபோதும் ஜனங்களை வீட்டைவிட்டு ஓட வைத்தது அவர்கள் மூக்கும் கண்ணெரிச்சலும்தான். இங்கே மூக்குதான் முதல் மீட்டர். அந்த மீட்டரையே "பழகிப்போச்சு" என்று சொல்லி அணைத்து வைத்திருந்தவன் நான்.

புகைச் சோதனைக்குப் போகிற வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து ரப்பரைப் பார்க்க அரை நிமிஷம். பானெட்டைத் தூக்கி, ஓஸ் இருக்கிறதா, பிடுங்கி அடைத்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் ஒரு நிமிஷம். கரி டப்பா வண்டிக்கு அடியில் இருந்தால் குனிய வேண்டும், அவ்வளவுதான். போக்குவரத்துத் துறை இதை ஒரு சர்க்குலரில் சொல்ல முடியாதா? எந்த வெளிநாட்டு மெஷினும் வேண்டாம்.

மூடி, வால்வு, டப்பா மூன்றும் புதிதாக மாற்றினேன். தனித்தனி பில். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் பாதிகூட வரவில்லை. போன வாரம் பங்க்கில் 1,846-ல் டொக்கென்று நின்றது. பையன் பழக்கத்தில் மறுபடி அமுக்கப் போனான். "போதும் தம்பி" என்றேன். என்னை விநோதமாகப் பார்த்தான். சில்லறை தேடி நான் பர்ஸைக் குடைய, பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.