விழிப்புக்குப் பொருள் தருவார் யார்?

இலஞ்சம் வாங்குவது குற்றம் என்பதை இந்நாட்டுச் சட்டம் நேற்றுக் கண்டுபிடித்ததன்று. இலஞ்சச் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. 1994இல் நிரந்தர ஆணைக்குழுவுக்கு வழிசெய்யப்பட்டது. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டமும் வந்தன. சட்டங்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றை அறிந்து எடுத்தாளும் மக்களுக்கே பஞ்சம். பசளை மானியத்துக்காகக் கமநல சேவை நிலையத்தின் வாயிலிலே காத்து நிற்கும் கமக்காரர் ஒருவரிடம், "உமது ஊர்க் குளக்கட்டைத் திருத்த ஒதுக்கிய பணம் எவ்வளவு, கொந்தராத்து யாருக்குப் போயிற்று என்று எழுத்தில் வினவும் உரிமை உமக்குண்டு, காரணமும் கூறவேண்டியதில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவர் நம்மை ஐயத்தோடு நோக்குவார்.

இவ்வறிவை ஊரூராய் எடுத்துச் செல்லும் பணியில் அரசு சாரா நிறுவனங்களே இதுகாறும் பெரும் பங்கு வகித்துவந்துள்ளன. அப்பணிக்கு வேண்டிய பணமோ பெரும்பாலும் கடல் கடந்தே வந்தது. 2025 சனவரியில் அமெரிக்க அரசாங்கம் தனது வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது; அவ்வாண்டு யூலையில் அந்நாட்டின் உதவி முகவராண்மையே இல்லாதொழிந்தது. அந்நியன் வாய்க்காலை அடைத்தால் நமது வயல் காய்கின்றது. இந்நிலையை எண்ணி நாம் கவலைப்படாதிருக்க முடியாது.

"வெளிநாட்டுக் கூலிகள்" என்று இந்நிறுவனங்களை ஏசுவோர் உளர். தம் கணக்கைப் பிறர் புரட்டிப் பார்ப்பதை விரும்பாதவர்களே இவ்வாறு உரத்துக் கூவுகின்றனர் என்பதை யாம் கவனித்திருக்கின்றோம். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்திடம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு இந்நாட்டு அரசாங்கம் கைநீட்டிற்று. அரசாங்கம் வாங்கினால் உதவி, மக்கள் அமைப்பு வாங்கினால் துரோகமோ? ஆயினும் இவ்வேச்சினுள்ளும் ஓர் உண்மை ஒளிந்து கிடக்கின்றது. பணம் தருவோரின் நாட்காட்டிப்படியே வேலை நடக்கின்றது. கொழும்பு விருந்தினர் விடுதியிலே கருத்தரங்கு, ஆங்கிலத்திலே அறிக்கை, திட்டக் காலம் முடிந்ததும் கந்தோர்க் கதவுக்குப் பூட்டு. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் நெல் விதைப்பவனுக்கு இதனால் என்ன பயன்?

அவ்வாறாயின் அரசாங்கமே பணம் தரட்டும் என்பர் சிலர். ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2004இல் ஏற்றுறுதிப்படுத்தியது. அதன் 13ஆம் உறுப்புரை, ஊழலைத் தடுக்கும் பணியிலே பொதுமக்களின் பங்கை ஊக்குவிக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகின்றது. பாடசாலைப் பாடமும், ஆணைக்குழுவின் பிரசாரமும் அரசாங்கச் செலவிலே தாராளமாக நடக்கட்டும். ஆனால், ஓர் அமைச்சின் கணக்கை ஆராயப் புகுபவன் அவ்வமைச்சின் கையிலேயே படி வாங்குவானாயின், அவன் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் செல்லும்?

சுயாதீனமாக நிற்கும் அமைப்புகள் என்ன செய்யக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீரழிவுக்குப் பொறுப்பானவர் யார் என்ற வினா உயர் நீதிமன்றத்தின் முன் கொண்டு செல்லப்பட்டது. ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் ஸ்ரீலங்கா நிறுவனமும் தனிப்பட்ட பிரசைகள் சிலரும் அதனைக் கொண்டு சென்றனர். முன்னாள் சனாதிபதிகள் இருவர் உட்படப் பலர் பொது நம்பிக்கையை மீறினர் என்று 2023 நவம்பர் 14இல் பெரும்பான்மைத் தீர்ப்புக் கிடைத்தது.

எனினும், கமக்காரருக்கு இதனினும் நெருங்கிய முன்மாதிரி இராசஸ்தானத்திலே உள்ளது. 1990இல் அங்கே தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழவர், தொழிலாளர் இயக்கம் அரசாங்கப் பணத்தையும் தொடுவதில்லை, வெளிநாட்டு நிறுவனப் பணத்தையும் தொடுவதில்லை. 1994 முதல் அவர்கள் செய்தது எளிய காரியம். வேலைத்தலங்களின் கூலிப் பதிவேட்டைப் பெற்று, ஊர்ப் பொது இடத்திலே எல்லோரும் கேட்க வாசித்தனர். இறந்தவன் பெயரிலே கூலி எழுதியிருந்தது. ஊரைவிட்டுப் போனவன் பெயரிலும் எழுதியிருந்தது. கட்டியதாகக் கணக்கெழுதிய கட்டடம் நிலத்திலே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு எந்தப் பிரசாரம் வேண்டும்! 1996இல் பேவார் நகரிலே நாற்பது நாள் மறியல் நடந்தபோது, கிராமத்தவர் தானியம் கொண்டுவந்து கொடுத்து அதனைத் தாங்கினர். இராசஸ்தானம் 2000இலும், இந்தியா முழுவதும் 2005இலும் தகவலுரிமைச் சட்டம் பெற்றமைக்கு அவ்வேழைகளின் தானியமும் ஒரு காரணம்.

பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டிய ஊர்கள் நம்முடையவை. கோபுரத் திருப்பணி என்றால் இன்றும் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பணம் ஓடி வருகின்றது. அதனை யாம் குறைகூறவில்லை. அதிலே நூற்றிலொரு பங்கு இப்பணிக்கு வருமாயின் எத்தனையோ சனசமூக நிலையங்களிலே வேலை தொடங்கலாம். வேண்டுவன கடிதத் தாள், பிரதிச் செலவு, பஸ் கட்டணம். பணத்தினும் அரியது படித்தவர்களின் நேரம். மாதத்தில் ஒரு ஞாயிறு கணக்காளர் ஒருவர் மதிப்பீட்டை வாசித்து விளக்கட்டும். பொறியியலாளர் ஒருவர் தெருவின் தடிப்பை அளந்து பார்க்கட்டும். சட்டத்தரணி ஒருவர் மேன்முறையீடு எழுதிக் கொடுக்கட்டும். சேரும் பணத்தின் வரவு செலவும் அந்நிலையத்தின் சுவரிலேயே ஒட்டப்படல் வேண்டும். கூட்டுறவுச் சங்கமும் ஆலய பரிபாலன சபையும் நம்மவர் கையில் இருக்கின்றன என்பதற்காக வினாவுக்கு அப்பாற்பட்டவையாகா.

எங்கே தொடங்குவது என்று கேட்போர்க்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவைக் காட்டுகின்றோம். உள்நாட்டுப் பணத்திலே 500,000 ரூபாவையும், வெளிநாட்டுப் பணத்திலே 100,000 டொலரையும் விஞ்சும் எந்தத் திட்டத்தையும், அது தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் உரிய அமைச்சர் அறிவித்தல் வேண்டும். அடுத்த காலபோகத்துக்கு முன் உங்கள் ஊர்க் குளத்திலோ வாய்க்காலிலோ வேலை நடக்குமாயின், அந்த அறிவித்தல் தமிழில் வெளிவந்ததா என்று முதற் கடிதத்தை எழுதுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுள் தம் முடிவைக் கூறியாக வேண்டும்.