கோலுக்கு யாரை விடுகிறோம்?

நம்ம தோட்டப் பாடசாலைகளில் ஓட முடியாத பிள்ளையைத்தான் கோலுக்கு விடுகிறோம். கோல் விழுந்தால் ஏச்சும் அவனுக்குத்தான். இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

பீட்டர் தங்கராஜைத் தெரியுமா? 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். முதலில் முன்கள வீரர். கோலுக்கு மாறிய பிறகுதான் பெயர் வந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு விளையாடினார். 1956, 1960 ஒலிம்பிக் இந்திய அணிகளில் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில், மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட, கோலைக் காத்தது இவர்தான். தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம்! 1967இல் அர்ஜுனா விருது.

உயரமான, பயமில்லாத, பந்தைக் கவனிக்கிற பிள்ளையைத் தேடிப் பிடித்துப் பழக்க வேண்டிய இடம் அது. பழைய மாணவர்களே, ஜெர்சிக்குச் சேர்க்கும் காசில் ஒரு சோடி கையுறையும் வாங்குங்கள். நம்ம மழையில் ஈரப்பந்தை வெறுங்கையால் பிடித்துப் பாருங்கள், தெரியும்.