திட்டப் பணத்தை யார் நிர்வகிப்பது?

பக்கவாதத்திற்கோ முதுகுத்தண்டுக் காயத்திற்கோ பின் எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் தங்கியிருக்கும் ஒருவர் வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது, அவருடைய குடும்பத்தாரை அழைத்துப் பேசுவது எங்கள் வழக்கம். சக்கர நாற்காலி, குளியலறைக் கைப்பிடி, மருந்துகள், மறுபரிசோதனை நாள் என்று பேச்சு ஓடும். எல்லோரும் எழுந்திருக்கும் தறுவாயில் மகளோ மகனோ தயங்கித் தயங்கிக் கேட்பார்: “டொக்டர், திட்டப் பணத்தை எப்படி நிர்வகிக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?”

என்.டி.ஐ.எஸ். எனப்படும் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிய கேள்வி அது. நாங்கள் மருத்துவர்கள், கணக்காளர்கள் அல்லர். ஆதலால் நெடுங்காலம் இக்கேள்வியைச் சமூகப் பணியாளரிடம் தள்ளிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவதே எங்கள் பழக்கமாக இருந்தது. அது தவறு என்று இப்போது கருதுகிறோம். ஆறு மாதம் கழித்து அதே நோயாளி மறுபரிசோதனைக்கு வருகையில் அவருடைய விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயிருப்பதைப் பார்க்கிறோம். திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சைக்குப் பணம் இருந்திருக்கும். அதில் பெரும்பகுதி செலவழிக்கப்படாமலே கிடந்திருக்கும். யாரை அழைப்பது, யார் பணம் கட்டுவது என்று வீட்டில் எவருக்கும் தெரியாமல் மாதங்கள் கழிந்திருக்கும். அப்படி இறுகிய கையை மருந்தாலும் ஊசியாலும் மீட்பது எளிதன்று.

வழிகள் மூன்று. முதலாவது, திட்டத்தை நடத்தும் அரசு முகமையே பணத்தை வைத்துக்கொண்டு சேவை வழங்குநருக்கு நேரே செலுத்துவது. இரண்டாவது, திட்ட மேலாளர் என்ற பதிவுபெற்ற இடைநிலையாளர் விலைப்பட்டியலைப் பெற்றுப் பணம் செலுத்திக் கணக்கு வைப்பது. மூன்றாவது, பயனாளியோ அவர் சார்பில் நியமிக்கப்பட்டவரோ தாமே பணத்தைப் பெற்றுச் செலவிடும் சுய நிர்வாகம். ஒரே திட்டத்திற்குள் ஒரு பகுதியை ஒரு வழியிலும் மற்றொரு பகுதியை வேறு வழியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒருமுறை தேர்ந்ததைப் பின்னர் மாற்றக் கோரலாம் என்பதும் அவ்வாறே.

முகமை நிர்வாகத்தில் குடும்பத்திற்கு வேலை மிகக் குறைவு. ஆனால் பதிவுபெற்ற வழங்குநர்களை மட்டுமே அமர்த்த முடியும். இந்த ஒரு நிபந்தனை தமிழ்க் குடும்பங்களைப் பிறரைவிடக் கூடுதலாகப் பாதிக்கிறது. பக்கவாதத்தில் பேச்சுத்திறன் குலைந்த ஒருவருக்குப் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் தாய்மொழியைவிட மோசமாகக் குலைந்துபோவதைக் காண்கிறோம். டூங்காபியிலோ வென்ட்வொர்த்விலிலோ வசிக்கும் ஓர் அம்மாவுக்குத் தண்ணீர், வலி, போதும் என்ற மூன்று சொற்கள் மட்டும் தமிழில் எஞ்சியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அச்சொற்களைப் புரிந்துகொள்ளும் பணியாளர் வேண்டும். அத்தகைய பணியாளர் பெரும்பாலும் தனியாகத் தொழில் செய்பவராகவும் பதிவு பெறாதவராகவும் இருக்கிறார். மேலாளர் வழியிலும் சுய நிர்வாகத்திலும் அவரை அமர்த்தலாம். முகமை வழியில் இயலாது. எல்லாப் பணிக்கும் இது பொருந்தாது. நடத்தை ஆதரவு போன்ற சிலவற்றுக்கு எந்த வழியைத் தேர்ந்தாலும் பதிவுபெற்றவரே வேண்டும்.

சுய நிர்வாகத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. முழுச் சுதந்திரம் அதில்தான் இருக்கிறது. விலை வரம்புக்கு மேலேயும் கொடுக்கலாம், கீழேயும் பேசி முடிக்கலாம். நம் சமூகத்தில் கணக்காளர்களுக்குப் பஞ்சமும் இல்லை. மூத்த மகன் கணக்காளர் என்றால் குடும்பக் கூட்டத்தில் அத்துடன் விவாதம் முடிந்துவிடும். ஆனால் இது கணக்கறிவைச் சேர்ந்த வேலையன்று, நேரத்தைச் சேர்ந்த வேலை. ஒவ்வொரு விலைப்பட்டியலையும் பார்த்துப் பணம் கோர வேண்டும். இரசீதுகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். பணியாளரை நேரடியாக வேலைக்கு வைத்தால் நீங்களே முதலாளி: வரிப் பிடித்தம், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்புறுதி, 2025 ஜூலை முதல் 12 சதவீதமாக உயர்ந்துள்ள ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. 2024 அக்டோபர் 3 முதல் எவை திட்டத்தின்கீழ் ஆதரவாகக் கருதப்படும், எவை கருதப்படா என்று பட்டியல்களே வந்துவிட்டன. அவற்றுக்குப் புறம்பாகச் செலவிட்ட தொகை கடனாகத் திரும்பக் கேட்கப்படலாம்.

இந்த வேலை அனைத்தையும் செய்யப்போகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் மெல்பேர்னில் இருக்கும் மகன் அல்லர். இரவில் இரண்டு முறை எழுந்து தாயைப் புரட்டிப் படுக்கவைக்கும் மகளோ மருமகளோதான். படுக்கைப்புண் வராமல் காக்கும் அந்தக் கைகளில் கோப்புக் கட்டையும் திணிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அவர் சோர்ந்து விழுந்தால் நோயாளி மீண்டும் எங்களிடம்தான் வருகிறார்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சுய நிர்வாகம் என்றால் பராமரிக்கும் மகளுக்கே அப்பணத்திலிருந்து ஊதியம் தரலாம் என்ற எண்ணத்துடன் சிலர் வருகின்றனர். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் மகளுக்கு அது நியாயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் விதிவிலக்கான சூழ்நிலைகளில் அன்றிக் குடும்பத்தினரின் பராமரிப்புக்குத் திட்டம் ஊதியம் வழங்குவதில்லை. பராமரிப்பாளருக்கான அரசு உதவித்தொகை வேறு வழியில், சென்டர்லிங்க் மூலம் பெறப்படுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆகவே முதல் திட்டத்திற்கு, பெரும்பாலான குடும்பங்களுக்கு, திட்ட மேலாளர் வழியையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். மேலாளருக்கான கட்டணம் திட்டத்தில் தனியே சேர்க்கப்படுகிறது. சிகிச்சைக்கான பணம் அதனால் குறைவதில்லை. ஓராண்டு பழகிய பின், கையுறை, அணையாடை போன்ற அன்றாடப் பொருள்களுக்கான சிறு பகுதியை மட்டும் சுய நிர்வாகத்திற்கு மாற்றிப் பார்க்கலாம். மலிவாகக் கிடைக்கும் கடையில் வாங்கலாம். பிழை நேர்ந்தாலும் சிறு பிழையாகவே இருக்கும். எங்கள் சமூகப் பணியாளர்களுள் ஒருவர் இதை ஏற்பதில்லை. கேட்பாரற்றுத் தனியாக வாழ்பவருக்கு முகமை நிர்வாகமும் பதிவுபெற்ற வழங்குநருமே பாதுகாப்பு என்பது அவர் வாதம். உறவினர் எவரும் இல்லாதவரைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியென்றே நாங்களும் நினைக்கிறோம்.

மேலாளரைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை. நோயாளி இன்னும் எங்கள் பிரிவில் படுத்திருக்கும்போதே, எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று இனிய தமிழில் தொலைபேசியில் அழைப்பவர்கள் உண்டு. பணத்தை நிர்வகிப்பவரும், சேவைகளை ஒருங்கிணைப்பவரும், பணியாளரை அனுப்புபவரும் ஒரே நிறுவனத்தார் என்றால், அவர்கள் அனுப்பும் விலைப்பட்டியலை யார் கேள்வி கேட்பது? நம் ஊர்க்காரர், கோயிலில் பழக்கம் என்பதெல்லாம் இவ்விடத்தில் தகுதியாகா. கணக்கு விவரம் மாதந்தோறும் வருமா, பணம் செலுத்துமுன் உங்கள் ஒப்புதல் பெறப்படுமா என்று கேளுங்கள். புதிய திட்டங்களில் பணம் பெரும்பாலும் மூன்று மாதத் தவணைகளாகப் பிரித்தே விடுவிக்கப்படுகிறது. ஆகவே முதல் தவணையிலேயே கணக்கைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இத்தனை பேச்சிலும் கட்டிலில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை என்பதே எங்களை மிகவும் உறுத்துவது. அண்மையில் ஒரு கூட்டத்தில் கணவரும் இரண்டு மகன்களும் அரை மணி நேரம் வாதிட்டனர். நோயாளியான அம்மையார் பேச இயலாதவர். பேச்சுச் சிகிச்சையாளர் மூன்று படங்களை அவர் முன் வைத்து, யார் பணத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவர் இடக்கையால் எந்தப் படத்தையும் தொடவில்லை. அறையின் ஓரத்தில் நின்ற இளைய மருமகளைச் சுட்டிக்காட்டினார். கணவருக்குச் சற்று வருத்தந்தான். பிறர் ஒருவருடைய திட்டத்திற்கு நியமனம் பெற்றவர், அவருடைய விருப்பத்தை அறிந்து அவர் நலனுக்காகவே செயல்பட வேண்டும் என்பது விதி. கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பேர்.

இத்திட்டத்தில் 65 வயதுக்குமுன் விண்ணப்பிக்க வேண்டும். வயது கடந்தவர்களுக்கு முதியோர் பராமரிப்பு என்ற வேறு வழி உண்டு. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இன்றி இடைக்கால விசாவில் ஆண்டுக்கணக்கில் வாழும் அகதிகளுக்கோ இத்திட்டத்தின் கதவு திறப்பதில்லை. அவர்களுள் பலர் நம்மவர். அவர்களுக்கும் இதே கை, இதே முதுகு. இக்குறைபாட்டைச் சுட்டிக்காட்டி எழுதுவதையும் எங்கள் கடமையாகக் கருதுகிறோம்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன் திட்டத்தின் நகலையும் கடைசிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வாருங்கள். சிகிச்சைக்கான பணம் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை இரத்த அழுத்தத்தைப் பார்ப்பது போலவே நாங்கள் பார்ப்போம். அதற்கு முன்பே ஐயம் எழுந்தால், 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் வழியாகத் திட்ட அலுவலகத்துடன் பேசலாம்.