கூடத்திற்கு ஒரு சிறு கணினி

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் ‘காளிதாஸ்’ கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியானதும் அதே ஆண்டு அக்டோபர் 31 அன்றுதான். ரயில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தின் பிரதி ஒன்றுகூட எஞ்சியதாகத் தெரியவில்லை. டி.பி. ராஜலட்சுமி அதில் எப்படிப் பேசினார் என்பதை இனி நாம் கேட்கப் போவதில்லை. ஊரே திரண்டு பார்த்த படத்துக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் திருமண ஒளிநாடாவின் கதி என்ன?

இந்தக் கேள்வியை எழுப்பியவர் என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர். சேலையூரில் புதிய அடுக்ககத்துக்குக் குடிபோயிருக்கிறார். கூடத்தில் 55 அங்குலத் தொலைக்காட்சியும் ஐந்து ஒலிபெருக்கிகளும் வைத்தாயிற்று. “இதோடு இணைக்க ஒரு சிறிய கணினி வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?” என்று கேட்டார். தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். நான் இந்தப் பாதையில் பட்டு அறிந்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

என் அக்காவின் திருமணம் 1996-இல் நடந்தது. அதிகம் பேசாத எங்கள் அப்பா, அன்று மேடையில் நின்று தாமே எழுதிய வாழ்த்துப்பா ஒன்றைப் படித்தார். நான்கு நிமிடம். அவர் குரல் பதிவான ஒரே இடம் அதுதான். நாடா அக்காவிடம் இருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது, அக்கா வீட்டுத் தரைத்தளத்தில் இருந்த மற்ற பொருள்களோடு அதுவும் போயிற்று. அப்பா அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். நல்லவேளையாக, 2008-இல் ஒரு கடையில் கொடுத்து எடுத்த டிவிடி ஒன்று கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டில் இருந்தது.

பின்னாளில் பெரிய தொலைக்காட்சி வாங்கியதும் அந்த டிவிடியைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகினேன். படம் வந்தது. ஆனால் அப்பா தாளைத் திருப்பும்போதெல்லாம் அவர் கையின் ஓரம் சீப்பின் பற்களாகப் பிளந்தது. நடந்து வருபவர்கள் விட்டுவிட்டுத் துள்ளினார்கள். இணையவழிப் படங்களுக்கென்று வாங்கிய கருவியில் போட்டாலும் அதே கதைதான். நாடா பழுது என்றே எண்ணிக்கொண்டேன்.

பழுது நாடாவில் இல்லை. நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய பழைய பால் முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாகப் பிரிந்து, நொடிக்கு 50 பாதிகளாக வரும். இன்றைய திரைகளோ முழுப்படத்தை ஒரே நேரத்தில் காட்டுபவை. இரு பாதிகளையும் சரிவரச் சீரமைக்காமல் அப்படியே சேர்த்துக் காட்டினால் சீப்புப் பற்கள் தோன்றும். கருவி நொடிக்கு 60 என்ற கணக்கில் அனுப்பும்போது 50 அதற்குள் சமமாக அடங்காது. சில படங்கள் இருமுறை வரும், அசைவு தடுக்கும். யாப்பின் மொழியில் சொன்னால் தளை தட்டுகிறது. சொல் சரி, பொருள் சரி, ஓசை மட்டும் இடறுகிறது.

சிறு கணினியின் அருமை இங்கேதான் விளங்கியது. கோடி போன்ற இலவச மென்பொருளை அதில் நிறுவி, கோப்பின் வேகத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டால், பழைய நாடாவுக்கு 50, திரைப்படத்துக்கு 24 என அதுவே அமைத்துக்கொள்ளும். பிரிந்த வரிகளையும் சீராக்கும். அப்பாவின் கை அன்று இடறாமல் அசைந்தது.

ஆகவே என் கருத்து இதுதான்: கணினி வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் புதிய படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லக் கூடாது. புதிய படம் எதிலும் ஓடும். தம்மிடம் உள்ள மிகப் பழைய கோப்பை எடுத்துச் சென்று போடச் சொல்ல வேண்டும். கூடவே கைபேசியில் எடுத்த அண்மைக் காட்சி ஒன்றும் இருக்கட்டும். பல கைபேசிகள் இப்போது எச்.265 என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. அதை விரிக்கத் தனி வன்பொருள் இல்லாத கணினி திணறும்.

எதை வாங்குவது? பார்க் நிலையத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால் மூன்று வகைகளைக் காணலாம். முதலாவது, அலுவலகங்களில் ஓய்வுபெற்ற சிறு கணினிகள்: டெல், லெனோவோ, எச்பி நிறுவனங்களுடையவை, தடித்த அகராதி அளவே இருக்கும். இவற்றில் இன்டெல் ஏழாம் தலைமுறைக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். பத்து பிட் எச்.265 கோப்புகளை முழுமையாக வன்பொருளிலேயே விரிக்கும் வசதி அந்தத் தலைமுறையில்தான் வந்தது. பின்புறத்தில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே இருக்கும். எச்டிஎம்ஐ இருந்தாலும் அது 1.4 வகையாயின் 4கே படம் நொடிக்கு 30-க்கு மேல் போகாது.

இரண்டாவது, 2023-இல் வந்த இன்டெல் என்100 செயலி கொண்ட புதிய சிறு பெட்டிகள். ஆறு வாட் செயலி. யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 முறையையும் வன்பொருளிலேயே விரிக்கும். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதையே. மூன்றாவது, ராஸ்பெர்ரி பை. அதன் நான்காம் பதிப்பு (2019) 4கே எச்.265 கோப்புகளை எளிதாக ஓட்டுகிறது. கையால் அமைத்துப் பார்க்கும் ஆர்வம் இருப்பவர்களுக்கு நல்ல துணை.

வேகத்தைவிட மௌனம் முக்கியம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் விசிறி இரையும் கணினியை வைத்துக்கொண்டு, படத்தில் கதாநாயகி தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்க முடியாது. அக்னி நட்சத்திரக் காலத்தில் அந்த விசிறி இன்னும் உரக்கப் பேசும். மின்செலவும் கவனிக்கத்தக்கது. பரணில் கிடக்கும் பழைய பெரிய கணினியையே பயன்படுத்தலாமே என்பார்கள். அது 80 வாட் எடுத்துக்கொண்டு நாள் முழுதும் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 115 யூனிட் ஆகும். 2016-இல் வந்த நூறு யூனிட் சலுகையை அது ஒன்றே விழுங்கிவிடும். பத்து வாட் சிறு கணினிக்கு ஆவது பதினான்கு யூனிட்டுக்குச் சற்று மேல்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சந்தா கட்டி இணையத்தில் படம் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் கணினி வேண்டியதில்லை. தொலைக்காட்சியிலோ அதில் செருகும் சிறு கருவியிலோ அந்தச் செயலிகள் தெளிவாக ஓடுகின்றன. கணினியில், அதிலும் லினக்ஸில், பதிப்புரிமைக் காப்பின் பொருட்டுப் பல சேவைகள் படத்தின் தெளிவைக் குறைத்தே தருகின்றன. ஆனால் சந்தாவில் கிடைப்பது வாடகை நூலகம். ஒப்பந்தம் முடிந்தால் புத்தகம் அலமாரியிலிருந்து மறைந்துவிடும். நம் வீட்டுப் புத்தகங்களோ அங்கு எந்நாளும் வரப்போவதில்லை. இரண்டும் வேண்டும் என்பவர் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியில் துளைகளுக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று. கணினி வாங்கியதோடு காப்பாற்றிவிட்டோம் என்று எண்ணக் கூடாது. கணினி படிக்கும் மேசை மட்டுமே, ஏடு வேறு. வன்தட்டும் ஒருநாள் நிற்கும். ஆகவே இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வேறு வீட்டில், இயன்றால் மாடியில் வையுங்கள். வேளச்சேரி, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏட்டுச்சுவடிகளைச் செல்லுக்கும் ஆற்றுக்கும் கொடுத்த சமூகம் நாம். இன்று படியெடுக்கச் சில மணி நேரமும் சில ஆயிரம் ரூபாயும் போதும். செய்யாமலிருக்கச் சோம்பலைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்றே சொன்னேன்: ரிச்சி தெருவுக்குப் போகும் முன் திருமண டிவிடியைத் தேடி எடுங்கள். இரண்டு நாள் கழித்து வந்தார். குடிபெயர்ந்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றில் இருந்ததாம். தட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது என்றார். கணினி இன்னும் வாங்கவில்லை. படியெடுத்துவிட்டார்.