ரீகால்: பழுதை ஒப்புக்கொண்டது நிறுவனம், அறியாமல் ஓட்டுவது யார்?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இவர்களில் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதத்தினர், இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதிவேகம், ஹெல்மெட், குண்டும் குழியுமான சாலை என்று காரணங்களை அலசும் நாம், தொழிற்சாலையிலேயே பழுதோடு பிறக்கும் வண்டிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 2021 மே மாதம் 2,36,966 பைக்குகளை ஒரே அறிவிப்பில் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் கோளாறு. அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், பின்சக்கர பிரேக் தொடர்பான பாகத்தில் குறை கண்டு 26,300 கிளாசிக் 350 வண்டிகளை அழைத்தது. 2022 ஏப்ரலில் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது, ஒகினாவா 3,215 வண்டிகளையும் ஓலா 1,441 வண்டிகளையும் பரிசோதனைக்கு அழைத்தன.

சட்டம் என்ன சொல்கிறது? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான பழுதுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது சரிசெய்து தர வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால், குறையைத் தானே கண்டறிந்து அறிவிக்கும் நிறுவனத்துக்கு அபராதம் இல்லை. மறைப்பதைவிட ஒப்புக்கொள்வது லாபம் என்று நிறுவனங்களை நினைக்க வைக்கும் நல்ல ஏற்பாடு இது.

இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, வண்டியின் வயது 7 ஆண்டுகளைத் தாண்டினால் இந்த விதிகள் பொருந்தாது. இரண்டாவது, விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்பக் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால்தான் உரிமையாளர்களின் குரல் அரசின் கவனத்துக்குப் போகும். சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவது எந்தக் கணக்கிலும் சேராது. "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்ற பதிலோடு வீடு திரும்புகிறோம். உண்மையில் எல்லா வண்டியும் அப்படித்தான் என்றால், அதுவே ரீகாலுக்கான காரணம்!

அதிகம் பாதிக்கப்படுவது பழைய வண்டி வாங்கும் ஏழை, நடுத்தர மக்கள். ரீகால் அறிவிப்பு, ஷோரூமில் பதிவான முதல் உரிமையாளரின் தொலைபேசிக்கே போக வாய்ப்புண்டு. கைமாறிய வண்டியை ஓட்டுபவருக்கு அது தெரியாமலே போகலாம். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் அந்த வண்டியில், நிறுவனமே ஆபத்தானது என்று ஒப்புக்கொண்ட பாகம் அப்படியே இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை எளிமையானவை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ கொடுத்து, ரீகால் நிலுவையில் உள்ளதா என்று கேளுங்கள். பழைய வண்டி வாங்கினால், பெயர் மாற்றத்துடன் உங்கள் தொலைபேசி எண்ணையும் நிறுவனத்திடம் பதிவு செய்யுங்கள். சர்வீஸுக்கு விடும்போது குறையை ஜாப் கார்டில் எழுத வைத்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ரீகால் வேலைக்குக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாகனக் குறைகளுக்கென அமைச்சகத்தின் வாகன் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வண்டியின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால், 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதும், பெயர் மாற்றும்போதும், நிலுவையில் உள்ள ரீகால் விவரம் தானாகவே உரிமையாளருக்குத் தெரிய வேண்டும். வண்டி இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பது அரசின் பதிவேட்டில் இருக்கிறது. எந்த வண்டியில் பழுது என்பது நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. இரண்டையும் இணைக்காத வரை, ரீகால் என்பது பலருக்கும் ஒருநாள் பத்திரிகைச் செய்தியாகவே முடிந்துபோகும்.