இன்வெர்ட்டரா, சாதாரண ஏ.ஸி.யா?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் விளாங்குடிப் பெண்களுக்கு இரண்டே பேச்சுதான். அழகர் இந்த வருஷம் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கப் போகிறார் என்பது ஒன்று. "இந்தக் கத்திரிக்குள்ளயாவது ஒரு ஏ.ஸி. போட்டுடணும்க்கா" என்பது இன்னொன்று. முன்னெல்லாம் ஏ.ஸி. என்றால் டவுன் ஜவுளிக்கடையில் ஓசியாகக் கிடைக்கிற சுகம். இப்போது சீட்டுப் பணம் எடுத்ததும் முதலில் அதைத்தான் நினைக்கிறோம். 2011ல் விளாங்குடி மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு வயல்வெளி எல்லாம் வீடாகிவிட்டது. மொட்டைமாடிக் கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி இரண்டு மணி வரை நம் தலையில் கக்குகிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

கடைக்குப் போனால்தான் குழப்பம். "இன்வெர்ட்டர் எடுங்க மேடம், கரண்ட் பில்லே வராது" என்கிறார் விற்பனைப் பையன். வீட்டுக்கு வந்தால் மாமனார், "சாதாரணத்தை வாங்கும்மா, ரிப்பேர்ச் செலவு கம்மி" என்கிறார். இருவர் பேச்சிலும் பாதி நிஜம் இருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இன்வெர்ட்டர் ஏ.ஸி. என்றால் கரண்ட் போனாலும் ஓடும் என்று நம் பெண்கள் பலர் நினைக்கிறார்கள். 2012ல் நாள் கணக்காக இருட்டில் உட்கார்ந்தோமே, அப்போது மாடிப்படிக்குக் கீழே பேட்டரியோடு வாங்கி வைத்த பெட்டிக்கும் அதுதானே பெயர்! அது வேறு, இது வேறு. கரண்ட் போனால் இந்த ஏ.ஸி.யும் நின்றுவிடும். பெயரில்தான் ஒற்றுமை.

வித்தியாசம் கம்ப்ரஸரில் இருக்கிறது. வெளியே மாட்டுகிறார்களே, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்ரஸர்தான் ஏ.ஸி.யின் இதயம். கரண்டில் பெரும்பங்கைத் தின்பதும் அதுவே. சாதாரண ஏ.ஸி.யில் அதற்கு ஒரே வேகம். ஓடினால் முழு மூச்சாக ஓடும்; அறை குளிர்ந்ததும் 'டக்'கென்று நிற்கும்; சூடு ஏறினால் மறுபடி கிளம்பும். அது கிளம்பும்போது வீட்டு விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டுவதைக் கவனித்திருப்பீர்கள்.

பால் காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பெரிய தீ மட்டும்தான் உண்டு, பொங்கினால் அணைக்கணும், ஆறினால் பற்ற வைக்கணும் என்றால் எப்படியிருக்கும்? அதுதான் சாதாரண ஏ.ஸி. பெரிய தீ, சிம் என இரண்டு நிலை உள்ள அடுப்பு மாதிரியும் ஏ.ஸி. உண்டு. அமெரிக்காவில் வீடு முழுக்கக் குழாய் போட்டுக் குளிர்விக்கிறார்களே, அங்கே ஒற்றை நிலையா, இரட்டை நிலையா என்பதே பெரிய விவாதம். நம் ஊர்க் கடைகளில் அந்த இரட்டை நிலையைத் தேட வேண்டாம். இன்வெர்ட்டர் அதையும் தாண்டியது. திருகைத் திருகத் திருகத் தீ கூடிக் குறைவது போல, தேவைக்குத் தக்கபடி வேகத்தை மாற்றிக்கொள்ளும். வீட்டுக்கான இந்த ஏ.ஸி.யை 1980களின் தொடக்கத்திலேயே ஜப்பானில் தோஷிபா கம்பெனி கொண்டுவந்துவிட்டது. நம் கூடத்துக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்!

மெதுவாக ஓடும்போது கரண்ட் மிச்சமாவது ஏன்? உள்ளேயும் வெளியேயும் இருக்கிற காயில்களின் அளவு மாறாது. அவை சுமக்க வேண்டிய சூடுதான் குறைகிறது. பத்துப் பேருக்குப் போதுமான பாத்திரத்தில் நாலு பேருக்குக் கிளறுகிற மாதிரி, சிரமமில்லாமல் வேலை நடக்கும். ஆனால் ஒன்று: மெதுவாக ஓட அதற்கு வாய்ப்புக் கிடைக்க வேண்டும். மேற்குச் சுவர், மேலே மொட்டைமாடி, திரை இல்லாத ஜன்னல் என்று இருக்கிற பெரிய அறையில் ஒரு டன் இன்வெர்ட்டரை மாட்டினால் அது பாவம், விடிய விடிய முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் எங்கே மிச்சம்?

டன் என்றால் பெட்டியின் எடை என்று நினைத்துவிடாதீர்கள். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் கரைய எவ்வளவு சூடு தேவையோ, அவ்வளவு சூட்டை அறையிலிருந்து இழுத்து வெளியே தள்ளும் சக்திதான் ஒரு டன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே இன்னொரு மாடி என்றால் ஒரு டன் போதும். அதே அறை மொட்டைமாடிக்குக் கீழே என்றால் ஒன்றரை டன் பற்றி யோசிக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடித்துப் பாருங்கள். எந்த ஏ.ஸி. வாங்கினாலும் அதன் வேலை குறையும்.

சரி, கணக்குக்கு வருவோம். கடையில் ஏ.ஸி.யின் நெற்றியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளைப் பார்த்திருப்பீர்கள். பி.இ.இ. என்கிற மத்திய அரசு அமைப்பு கொடுப்பது. 2018 ஜனவரியிலிருந்து இன்வெர்ட்டருக்கும் சாதாரணத்துக்கும் ஒரே அளவுகோல்தான். அதனால் 'இன்வெர்ட்டர்' என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அதைப் பாருங்கள். மூன்று நட்சத்திர இன்வெர்ட்டரும் உண்டு, ஐந்து நட்சத்திரமும் உண்டு. அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள் என்பதால் லேபிள் எந்த வருஷத்துக்கானது என்பதையும் பாருங்கள். பழைய ஸ்டாக்கின் ஐந்து நட்சத்திரம் புதுக் கணக்கில் நாலாகக்கூட இருக்கலாம்.

அந்த யூனிட் கணக்கு, வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்டது. உதாரணத்துக்கு, ஒன்றில் 1,000 யூனிட், இன்னொன்றில் 800 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். விலையில் 8,000 ரூபாய் வித்தியாசம். நீங்கள் கோடையில் 100 நாள், ராத்திரி 8 மணி நேரம் போடுகிறீர்கள் என்றால் மொத்தம் 800 மணி. மிச்சமாவது 100 யூனிட். 2024 ஜூலையில் நிர்ணயித்த கட்டணப்படி, இரண்டு மாதக் கணக்கில் 501லிருந்து 600 வரையான யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு. ஆக வருஷத்துக்கு 855 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஒன்பது வருஷத்துக்கு மேலாகும்! அதற்குள் ஒரு போர்டு போனால் கணக்கே தலைகீழ். அதே ஏ.ஸி. 200 நாள், தினம் 12 மணி நேரம் ஓடுகிற வீடு என்றால் 2,400 மணி, 300 யூனிட் மிச்சம், 2,565 ரூபாய். மூணே கால் வருஷத்துக்குள் எடுத்துவிடலாம்.

நம் தமிழ்நாட்டுப் பில்லில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, முந்தின யூனிட்டுகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பங்கு போய்விடும். 490ல் நிற்கிறவளும் 510ல் நிற்கிறவளும் ஒரே கணக்கில்லை. அதனால் ஏ.ஸி. போட்ட வீட்டில் வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. நான் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு மதினி. அவர் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. இதயத்துக்காக நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர். போன கோடையில் ஒரு மத்தியானம், மாடி அறையில் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்த அப்பத்தா என்னமோ சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். உடம்பு அனல். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டு நாள் குளுகோஸ் ஏறியது. பிழைத்தார். வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது, வேர்வையும் சரியாக வராது. அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் வெயில் சீக்கிரம் வீழ்த்திவிடும். 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேனை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அது அனலைத்தான் வாரி இறைக்கும். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும். இதயக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் மதினியின் மகன் வெளிநாட்டிலிருந்து, "ரெண்டு டன் வாங்கி மாடியில மாட்டும்மா, பணம் அனுப்புறேன்" என்றான். மதினி என்னிடம் கேட்டார். "அத்தையைக் கீழே கொண்டு வந்துடுங்க மதினி" என்றேன். கீழே கிழக்குப் பார்த்த சின்ன அறை. மேலே மாடி இருப்பதால் கூரைச் சூடு கிடையாது. அங்கே ஒரு டன் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர். பகலும் ராத்திரியும் ஓடும் அறை என்பதால் விலை ஜாஸ்தியானாலும் அதுதான் சரி. இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண ஏ.ஸி. நின்று நின்று ஓடும்போது அறை குளிர்ந்து, சூடேறி, மறுபடி குளிரும். அப்பத்தா ராத்திரி முழுக்கப் போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக இருப்பார். இன்வெர்ட்டரில் குளிர் ஒரே சீராக நிற்கும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிற வீட்டுக்கும் இதையே சொல்வேன். மாடிக்கு மதினி எதுவும் வாங்கவில்லை. சுண்ணாம்பு அடித்தார், ஜன்னலுக்குத் தட்டி கட்டினார்.

மாப்பிள்ளை வருகிறபோது மட்டும் போடுவதற்கு என்றால்? விலை குறைந்த சாதாரண ஏ.ஸி. தாராளமாகப் போதும். வெறும் பகல் வெக்கைக்கு என்றால், பங்குனி சித்திரையில் நம் மதுரைக் காற்று காய்ந்து கிடப்பதால் ஏர்கூலரே நன்றாக வேலை செய்யும். சென்னைத் தங்கைகளுக்கு இதைச் சொல்ல மாட்டேன். கடற்காற்றின் ஈரத்தில் கூலர் பிசுபிசுப்பைத்தான் கூட்டும். அங்கே ஈரத்தை இழுக்க மெதுவாக, விடாமல் ஓடுகிற இன்வெர்ட்டர் கைகொடுக்கும்.

மாமனார் சொன்ன ரிப்பேர் விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. இன்வெர்ட்டரின் மூளை ஒரு எலக்ட்ரானிக் போர்டு. மின்னழுத்தம் ஏறி இறங்கினாலோ, வெளிப்பெட்டிக்குள் பல்லி புகுந்து செத்தாலோ அது போய்விடும். மாற்ற நல்ல செலவு. வாங்கும்போது கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் என்று பெருமையாகச் சொல்வார்கள், "போர்டுக்கு எத்தனை வருஷம்?" என்று கேளுங்கள், அதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஸ்டெபிலைஸர் வேண்டுமா என்பதை உங்கள் தெருவின் மின்னழுத்தம் பார்த்து எலக்ட்ரீஷியன் சொல்லட்டும். ஏ.ஸி.க்குத் தனி வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் இல்லாமல் மாட்ட விடாதீர்கள். மிக்ஸி போடுகிற பிளக்கில் செருகுகிற வேலையே கூடாது.

வாங்கியாயிற்று என்றால், 16ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நினைப்பை விடுங்கள். சாதாரண ஏ.ஸி. 16ல் வைத்தாலும் 24ல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். இன்வெர்ட்டரோ 16ஐ எட்டுகிற முயற்சியில் சிம்முக்கே வராமல் ஓடும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர லேபிள் ஏ.ஸி.களை முதலில் போட்டதும் 24ல் நிற்கும்படிதான் செய்கிறார்கள். கூட ஃபேனையும் மெதுவாக ஓட விட்டால் 26கூட சுகமாயிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உள் பெட்டியின் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் காட்டி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். திண்டுக்கல் ரோட்டுப் புழுதி படிகிற வீடுகளுக்கு வாரம் ஒருமுறை. இதற்கு மெக்கானிக் வேண்டாம், ஒரு முக்காலி போதும்.