ஆடுகளம்: பத்து வருஷம் காத்திருந்த பதிலடி! - சீன பேட்மின்டன் நாயகர்களின் கதை

ஒலிம்பிக்கில் சிந்து அடுத்து ஆடப்போவது சீன வீராங்கனையுடன் என்று தெரிந்ததும், டி.வி முன்னால் உட்கார்ந்திருக்கும் வீடுகளில் ஒரு பெருமூச்சு கிளம்பும். ‘சைனாவா... கஷ்டம்தான்’ என்பார் தாத்தா. ‘அவங்கல்லாம் மெஷின் மாதிரி. சின்ன வயசுலயே பிடிச்சு ட்ரெயின் பண்ணிடுவாங்க’ என்பார் அப்பா.

அப்பா சொல்வதில் பாதி உண்மை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் இருந்த ஐந்து தங்கப் பதக்கங்களையும் சீனாவே அள்ளிக்கொண்டு போனது. அதில் ஒரு தங்கத்தை வென்ற லின் டான், ஐந்து வயதில் ராக்கெட் பிடித்தவர். அவர் பியானோ கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் பெற்றோரின் ஆசை. 12 வயதிலேயே ராணுவத்தின் விளையாட்டு அணிக்குப் போய்விட்டார். ஊருக்கு ஊர் விளையாட்டுப் பள்ளி, அங்கிருந்து மாகாண அணி, அங்கிருந்து தேசிய அணி என்று சல்லடை போட்டுச் சலித்து ஆள் எடுக்கும் நாடு அது.

ஆனால் அந்தச் சல்லடையில் மிஞ்சி வந்தவர்களின் கதையைப் படித்தால், அவர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்பதைவிட எங்கே தோற்றார்கள் என்பதுதான் மனதில் நிற்கிறது. இந்த வாரம் அந்தக் கதைகள்.

மகுடம் இல்லாத ராஜா

சீன பேட்மின்டனின் வேர் இந்தோனேசியாவில் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த சீன வம்சாவளி இளைஞர்கள் சிலர் 1950-களிலும் 60-களிலும் சீனாவுக்குத் திரும்பினார்கள். 1954-ல் வந்த வாங் வென்ஜியாவ், பிற்பாடு தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவருக்கு அடுத்து வந்தவர்களில் இருவர் டாங் ஷியான்ஹூவும் ஹோ ஜியாசாங்கும்.

1960-களில் இந்த இருவரும் ஐரோப்பாவுக்குப் போய் ஆடியபோது அங்கிருந்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். டென்மார்க்கின் எர்லண்ட் காப்ஸ் அந்தக் காலத்தின் மாபெரும் வீரர். ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை ஏழு முறை வென்றவர். அவரையே டாங் ஒரு செட்டில் ஒரு பாயின்ட்கூட எடுக்க விடாமல் வீழ்த்தினார்.

ஆனால் டாங்கின் பெயர் எந்த உலகப் பட்டத்தின் பட்டியலிலும் இருக்காது. சீனா அப்போது சர்வதேச பேட்மின்டன் சம்மேளனத்தில் இல்லை. அதனால் சீன வீரர்களுக்குப் பெரிய போட்டிகளின் கதவு மூடியே இருந்தது. போதாக்குறைக்கு, 1966-ல் கலாசாரப் புரட்சி வந்து உள்நாட்டு ஆட்டத்தையும் முடக்கிப்போட்டது. சீனா சம்மேளனத்தில் சேர்ந்தது 1981-ல். அப்போது டாங்குக்கு வயது கிட்டத்தட்ட 40. ‘மகுடம் இல்லாத ராஜா’ என்ற பெயர் மட்டும்தான் அவருக்கு மிச்சம்.

அடுத்த வருஷமே, 1982-ல், சீனா முதன்முறையாக தாமஸ் கோப்பையில் கலந்துகொண்டது. இறுதிப்போட்டியில் இந்தோனேசியாவிடம் முதல் நாள் 1-3 என்று பின்தங்கி, மறுநாள் 5-4 என்று ஜெயித்தது.

டாங் என்ன ஆனார்? பிறந்த மண்ணான இந்தோனேசியாவுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். அவரிடம் பயின்ற ஆலன் புடிகுசுமா 1992 பார்சிலோனாவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அங்கேயே குடியுரிமை கேட்டார் டாங். கிடைக்கவில்லை. 1998-ல் மறுபடியும் சீனாவுக்கு வந்தார். அங்கே அவர் கைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர்தான் லின் டான். தனக்கு ஆடக் கிடைக்காத போட்டிகளை எல்லாம் ஒரு சிஷ்யன் ஒவ்வொன்றாக வென்றதை, டாங் பக்கத்தில் இருந்தே பார்த்தார்.

சின்னப் பெண்ணிடம் தோற்றவர்

1994, ஜகார்த்தா. பெண்களுக்கான ஊபர் கோப்பை இறுதிப்போட்டி. சீனாவும் இந்தோனேசியாவும் 2-2 என்று சமநிலை. கடைசி ஆட்டம்தான் கோப்பையைத் தீர்மானிக்கும். சீனா இறக்கியது 19 வயது ஜாங் நிங்கை. எதிரே நின்றது 14 வயதே ஆன மியா ஆடினா. அரங்கம் முழுக்க இந்தோனேசிய ரசிகர்களின் ஆரவாரம். ஜாங் தோற்றார். கோப்பை போயிற்று.

ஒரு நாடே எதிர்பார்த்த ஆட்டத்தில், தன்னைவிட நான்கு வயது சின்னவளிடம் தோற்றவருக்கு அதற்குப் பிறகு என்ன இருக்கும்? ஜாங் ஒதுங்கிப்போகவில்லை. ஆனால் மேலேயும் வரவில்லை. அவருடன் ஆடியவர்களும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றதும் வேறொரு சீன வீராங்கனைதான். ஜாங்குக்கு 25 வயது முடிந்திருந்தது. பேட்மின்டனில் பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது.

அவர் முதன்முதலாக உலக சாம்பியன் ஆனது 2003-ல், 28 வயதில். மறுவருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிப்போட்டிக்கு வந்தார். வலைக்கு அந்தப் பக்கம் யார் நின்றது தெரியுமா? அதே மியா ஆடினா! திருமணத்துக்குப் பிறகு நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, அந்த நாட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தார்.

முதல் செட்டை 8-11 என்று இழந்தார் ஜாங். பழைய ஜகார்த்தா கண்ணில் வந்துபோயிருக்கலாம். ஆனால் அடுத்த இரண்டு செட்களும் 11-6, 11-7. பத்து வருஷத்துக்கு முந்தைய கணக்கு தீர்ந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கிலும் இறுதிப்போட்டிக்கு வந்தார். அப்போது வயது 33. எதிரே, இரண்டு முறை உலக சாம்பியனான சக நாட்டு வீராங்கனை ஷியே ஷிங்ஃபாங். மூன்று செட் போராடி ஜாங் ஜெயித்தார். ஒலிம்பிக் மகளிர் ஒற்றையரில் இரண்டு தங்கம் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சூப்பர் டான்

ஷியே ஷிங்ஃபாங்குக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பிற்காலத்தில் லின் டானின் மனைவி ஆனவர்.

லின் டான் இடது கை ஆட்டக்காரர். 2004-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றபோது, ‘சூப்பர் டான்’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. உலகின் நம்பர் ஒன் என்ற மிதப்போடு அதே வருஷம் ஏதென்ஸ் போனார். முதல் சுற்றிலேயே சிங்கப்பூரின் ரொனால்ட் சுசிலோவிடம் நேர் செட்களில் தோற்று, பெட்டியைக் கட்டினார். அப்போது அவருக்கு 20 வயது. முன்கோபக்காரர் என்ற கெட்ட பெயர் வேறு.

அதற்குப் பிறகுதான் நாம் அறிந்த லின் டான் வருகிறார். 2006, 2007, 2009, 2011, 2013 என்று ஐந்து முறை உலக சாம்பியன். இதில் 2009 பட்டத்தை வென்றது நம் ஹைதராபாத்தில். 2008 பீஜிங்கிலும் 2012 லண்டனிலும் ஒலிம்பிக் தங்கம். ஆல் இங்கிலாந்து பட்டம் ஆறு முறை. பேட்மின்டனில் இருக்கும் ஒன்பது பெரிய பட்டங்களையும் 28 வயதுக்குள் வென்று முடித்துவிட்டார்.

ஆனால் லின் டான் பெயரைச் சொன்னால் கூடவே மலேசியாவின் லீ சோங் வெய் பெயரும் வந்துவிடும். இருவரும் மோதியது 40 முறை. லின் 28, லீ 12. கணக்கைப் பார்த்தால் ஒருதலைப்பட்சமாகத் தெரியும். ஆட்டங்களைப் பார்த்தால் அப்படித் தெரியாது. 2011 உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில், இன்னும் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தால் பட்டம் என்ற இடத்தில் நின்றவர் லீ. ஆனால் கடைசி செட்டை 23-21 என்று பறித்துக்கொண்டு போனார் லின். மறுவருஷம் லண்டன் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் கடைசி செட் 21-19. இரண்டு பாயின்ட் வித்தியாசத்தில் லீயின் வாழ்நாள் கனவு கைநழுவியது.

2016 ரியோவில் அரையிறுதியில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். இருவருமே முப்பதைத் தாண்டியவர்கள். இந்த முறை ஜெயித்தது லீ. கடைசி செட் 22-20. ஆட்டம் முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் இறுதிப்போட்டியில் லீ, இன்னொரு சீன வீரரான சென் லாங்கிடம் தோற்றார். மூன்று ஒலிம்பிக், மூன்று வெள்ளி. மூன்று முறையும் குறுக்கே நின்றது சீனா.

நம்மவர்களுக்கும் லின் டானின் கதையில் ஒரு பக்கம் உண்டு. 2014 சீன ஓப்பன் இறுதிப்போட்டியில் ஸ்ரீகாந்த் கிடாம்பி அவரை 21-19, 21-17 என்று வென்றார். அதுவும் லின்னின் சொந்த மாகாணமான ஃபூஜியானின் தலைநகரில்!

1-15-லிருந்து தங்கம்

இரட்டையர் ஆட்டத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. சீனாவுக்கு பேட்மின்டனில் முதல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்ததே அதில்தான். 1996 அட்லான்டாவில் மகளிர் இரட்டையரில் அதை வென்றவர்கள் கே ஃபெய், கு ஜுன் ஜோடி. நான்கு வருஷம் கழித்து சிட்னியிலும் அவர்களே வென்றார்கள்.

அதே சிட்னியில் கலப்பு இரட்டையர் இறுதிப்போட்டி. இந்தோனேசிய ஜோடியை எதிர்த்து காவ் லிங், ஜாங் ஜுன். முதல் செட்டை எத்தனைக்கு இழந்தார்கள் தெரியுமா? 1-15. நம் தெருவில் என்றால் அத்தோடு ராக்கெட்டை உறையில் போட்டிருப்போம். அவர்கள் அடுத்த இரண்டு செட்களை 15-13, 15-11 என்று எடுத்துத் தங்கம் வென்றார்கள். ஏதென்ஸிலும் அந்தத் தங்கத்தைத் தக்கவைத்தார்கள். என்ன ஸ்கோர் ஆனாலும் சிரித்த முகத்தோடு ஆடுவது காவ் லிங்கின் அடையாளம். அந்தச் சிரிப்பு அழகுக்கு மட்டும் இல்லை என்பதை அந்த 1-15 சொல்கிறது.

ஜெயிக்காமல் இருக்க ஆடியவர்கள்

இப்போது கசப்பான பக்கம். அதையும் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

ஐந்து தங்கம் அள்ளிய அதே லண்டன் ஒலிம்பிக்கில், மகளிர் இரட்டையரில் உலகின் முதல் இடத்தில் இருந்த சீன ஜோடி யூ யாங், வாங் ஷியாவ்லி. லீக் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால், இறுதிப்போட்டிக்கு முன்பே இன்னொரு சீன ஜோடியோடு மோத வேண்டிவரும். தோற்றால் அதைத் தவிர்க்கலாம். எதிரே இருந்த கொரிய ஜோடிக்கும் ஜெயிக்கும் எண்ணம் இல்லை. இரண்டு பக்கமும் சர்வீஸை வலையில் அடித்தார்கள். பந்தை வேண்டுமென்றே வெளியே தள்ளினார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கூச்சல் போட்டது. கடைசியில் நான்கு ஜோடிகள், எட்டுப் பேர், போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார்கள்.

யூ யாங் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. பீஜிங்கில் தங்கம் வென்றவர். எத்தனையோ வருஷம் வியர்வை சிந்திக் கற்ற ஆட்டத்தை, தோற்பதற்காக ஆட வேண்டிய நிலை. நாட்டின் பதக்கக் கணக்கு முதலில், ஆட்டக்காரர் அப்புறம் என்று ஓர் அமைப்பு நினைக்க ஆரம்பித்தால் இதுதான் நடக்கும். டாங் ஷியான்ஹூவுக்கு ஆடத் திறமை இருந்தும் வாய்ப்பு இல்லை. இவர்களுக்கு வாய்ப்பு இருந்தும் ஆட முடியவில்லை.

ஒரு சின்ன பேட்ஜ்

கடைசியாக, 2024 பாரிஸ். ஹே பிங்ஜியாவ் என்ற பெயர் ஞாபகம் இருக்கிறதா? டோக்கியோவில் இவரை வென்றுதான் சிந்து வெண்கலம் வாங்கினார். பாரிஸில் சிந்துவை வெளியேற்றியதும் இவரே.

அரையிறுதியில் இவருக்கு எதிராக ஆடியவர் ஸ்பெயினின் கரோலினா மரின். முதல் செட்டை வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தார் மரின். வெற்றி கிட்டத்தட்ட உறுதி. அந்த நேரத்தில் முழங்கால் மடங்கி விழுந்தார். தொடர முடியாமல் அழுதபடி வெளியேறினார். ஹே இறுதிப்போட்டிக்குப் போய், கொரியாவின் ஆன் சே-யங்கிடம் தோற்று வெள்ளி பெற்றார்.

பதக்க மேடையில் ஏறியபோது ஹேயின் கையில் ஒரு சின்ன பேட்ஜ் இருந்தது. ஸ்பெயின் ஒலிம்பிக் அணியின் பேட்ஜ். அங்கே நின்றிருக்க வேண்டிய மரினுக்காக அதை எல்லோருக்கும் தெரியும்படி காட்டினார். அதைச் செய்யும்படி எந்தப் பயிற்சிப் பள்ளியும் சொல்லிக்கொடுத்திருக்காது.

அடுத்த முறை சிந்துவுக்கோ லக்‌ஷயா சென்னுக்கோ எதிரே சீனக் கொடி தெரியும்போது, நம்மவர்களுக்கே கை தட்டுங்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘மெஷின்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். வீட்டில் ஷட்டில் கோச்சிங் போகும் பிள்ளை இருந்தால், 2011 லின் டான் - லீ சோங் வெய் இறுதிப்போட்டியை யூடியூபில் தேடிப் போட்டுக்காட்டுங்கள். மேட்ச்சில் தோற்று முகம் தொங்கப்போட்டு வரும் நாளில், ஜாங் நிங் கதையைச் சொல்லுங்கள். பத்து வருஷம் என்பதை அழுத்திச் சொல்ல மறக்காதீர்கள்.

அடுத்த வாரம் வேறொரு களத்தில் சந்திப்போம்!